துபாயில் மிச்சம், இங்கிலாந்தில் சம்பளம், கோத்தகிரியில் பழைய கணக்கு: பணத்தை எந்த வழியில் நகர்த்துவது?

கேள்வி: தேயிலைத்தடம்

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியை, அதாவது படகர் சிற்றூரைச் சேர்ந்தவன். துபாயில் ஏழு ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்துவிட்டுக் கடந்த ஆண்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போது என் பணம் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. துபாய் வங்கியில் பணிக்கொடையும் சேமிப்புமாக 45,000 திர்ஹாம் இருக்கிறது. அங்கே என் விசா ரத்தாகிவிட்டதால், அடையாள அட்டையைக் காரணம் காட்டி என்றைக்கு வேண்டுமானாலும் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்று உடன் பணிபுரிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். இங்கிலாந்துக் கணக்கில் மாதச் சம்பளம் வந்து விழுகிறது. கோத்தகிரியில், கல்லூரியில் படித்த காலத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு இன்றும் சாதாரணக் கணக்காகவே இருக்கிறது. அதன் ஏடிஎம் அட்டையும், நான் கையெழுத்திட்டுக் கொடுத்த சில காசோலைகளும் அப்பாவிடம் உள்ளன. அன்றைக்கு வீட்டில் ஏடிஎம் அட்டை உள்ள கணக்கு அது ஒன்றுதான் என்பதால், பச்சைத் தேயிலைக்கான பணத்தையும் தொழிற்சாலை அதில்தான் வரவு வைத்துவருகிறது. நிலம் அப்பாவின் பெயரில் இருக்கிறது.

எனக்கு முன்னால் மூன்று செலவுகள் உள்ளன. சென்ற மழையில் வீட்டுக்குக் கீழே மண் சரிந்துவிட்டது. அடுத்த ஐப்பசி மழைக்குள் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பியாக வேண்டும், மேஸ்திரி நான்கரை லட்சம் கேட்கிறார். எங்கள் தோட்டத்தை ஒட்டிய 30 சென்ட் தேயிலை விலைக்கு வருகிறது, அதை என் பெயரில் வாங்க நினைக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்தில் வீடு வாங்க முன்பணமும் சேர்க்க வேண்டும். ஆகவே, திர்ஹாம் முழுவதையும் இப்போதே கோத்தகிரிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, வீடு வாங்கும்போது அங்கிருந்து இங்கிலாந்துக்கு வரவழைத்துக்கொள்வது சரியான வழியா? துபாய் நண்பர் ஒருவர், “திர்ஹாமை என்னிடம் கொடு, மேட்டுப்பாளையத்தில் என் தம்பி உன் அப்பாவிடம் ரூபாயாகக் கொடுத்துவிடுவான், ஒரு பைசா கட்டணம் இல்லை” என்கிறார். இவற்றுக்கிடையே, சென்ற மாதம் இங்கிருந்து பழைய கணக்குக்குச் சோதனையாக அனுப்பிய 200 பவுண்டு, பெயர் பொருந்தவில்லை என்ற குறிப்புடன் ஒன்பது நாள் கழித்துக் கட்டணம் கழிக்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பதில்: வெலிங்டன்_ஓய்வாளர்

தம்பி, வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, அதில் சில ஆண்டுகள் அன்னியச் செலாவணிப் பிரிவிலும் இருந்துவிட்டு, இப்போது குன்னூர்ப் பக்கம் ஓய்வில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் பணம் மூன்று இடங்களில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் சிக்கல் இடத்தில் இல்லை. ஊருக்கு வந்தால் அங்கேயே செலவாகிவிடும் பணம், ஒருநாள் திரும்பி வெளியே போக வேண்டிய பணம் என்று இரண்டு வகை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுக்க ஆடிட்டருக்குத்தான் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். வேலைக்காக வெளிநாட்டில் குடியேறியவர் இந்தியாவில் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்க 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் இடமில்லை. துபாய்க்குப் போனபோதே அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும். இப்போது மாற்றினாலும் கிளையில் யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. இது நூற்றுக்கணக்கானோர் செய்யும் தவறுதான். ஆனால் மாற்றாமல் அதன்மேல் மேலும் பணத்தை ஏற்றாதீர்கள். என்ஆர்ஓ என்பது வாடகை, வட்டி போன்ற உள்நாட்டு வருமானம் சேரும் கணக்கு. அதிலிருந்தும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. ஆனால் வரி கட்டியதற்கான சான்று, வருமான வரித்துறைக்குத் தரும் அறிவிப்புப் படிவம், பல நேரங்களில் ஆடிட்டர் கையெழுத்திடும் சான்றிதழ் என்று ஒவ்வொரு முறையும் காகித வேலை இருக்கும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்தியாவில் வைத்திருந்து திரும்ப எடுத்துப்போக விரும்புகிறவருக்கானது என்ஆர்இ கணக்கு. அதில் அசலும் வட்டியும் தடையின்றி வெளியே போகும், வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை.

ஆனால் உங்கள் வீட்டு முன்பணத்துக்கு அந்த என்ஆர்இகூடத் தேவையில்லை என்பதே என் கருத்து. துபாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போக வேண்டிய பணத்தைக் கோத்தகிரி வழியாகச் சுற்றவிட்டால் திர்ஹாம் ரூபாயாகி, ரூபாய் பவுண்டாகி, இரண்டு முறை மாற்று விகிதத்தில் பணம் கைவிட்டுப் போகும். இடையில் ரூபாய் இறங்கினால் அதுவும் உங்கள் நட்டம். திர்ஹாமின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997 முதல் கட்டப்பட்டிருப்பதால் அது தானாக ஏறி இறங்கப் போவதில்லை. நல்ல திர்ஹாம் விலைக்காகக் காத்திருப்பதாகச் சொல்பவர்கள் உண்மையில் டாலரின் விலைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். எனவே இங்கிலாந்துக்கு உரியதை நேரே இங்கிலாந்துக்கே அனுப்புங்கள்.

சுவருக்கான நான்கரை லட்சத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பவே வேண்டாம். அப்பாவின் சொந்தக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். மகன் தந்தைக்குக் கொடுக்கும் பணத்துக்கு, தொகை எவ்வளவாக இருந்தாலும், பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. நோக்கம் கேட்டால் குடும்பப் பராமரிப்பு என்று எழுதுங்கள், நம் ஊரில் வங்கி அதை பி1301 என்ற குறியீட்டில் பதிவு செய்யும். தேயிலைப் பணமும் நிலத்தின் சொந்தக்காரரான அப்பாவின் கணக்குக்கே போகட்டும். தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எண்ணை மாற்ற ஒரு கடிதமும் அவருடைய பாஸ்புக்கின் முதல் பக்க நகலும் போதும். அவருடைய விளைச்சல் வருமானம் உங்கள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால், ஏட்டில் அது உங்கள் வருமானமாகத்தான் தெரியும்.

நண்பர் சொல்லும் மேட்டுப்பாளையம் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஒருவர் திர்ஹாம் வாங்கிக்கொள்ள, இங்கே இன்னொருவர் ரூபாய் கொடுப்பதுதான் உண்டியல். கொடுப்பவர் நண்பரின் தம்பி என்பதால் அது வேறாகிவிடாது. பிடிபட்டால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு, அந்தப் பணத்துக்கு உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. நாளைக்கு இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வழக்கறிஞர், முன்பணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு வரவையும் கேட்பார். ஆகையால் துபாய்ச் சம்பளச் சான்று, பணிக்கொடை கணக்கு முடித்த கடிதம், கணக்கு மூடும் முன் எடுத்த முழு அறிக்கை ஆகியவற்றை இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை முதல் வேலையாக அப்பாவைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காகக் கணக்கை இயக்க வேண்டுமென்றால், என்ஆர்ஓவிலும் என்ஆர்இயிலும் அவருக்கு முறையான அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். உள்ளூர்ச் செலவுக்கு எடுக்க அது போதும்.

பதில்: லவ்டேல்_ஷார்ஜா

ஐயா சொன்னதோடு, நான் பட்டதைச் சேர்த்துக்கொள்கிறேன். சகோதரரே, உங்கள் 200 பவுண்டு திரும்பியதற்குக் காரணம் நம் பெயர்களின் முன்னெழுத்தாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் கதையும் அதுவே. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராகவும் என் பெயர் தனியாகவும் அச்சாகியிருக்கிறது. ஊட்டி வங்கிப் பாஸ்புக்கிலோ அப்பாவின் பெயருக்கு ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர். பான் அட்டையில் முன்னெழுத்து விரிந்திருக்கிறது, ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. நான்கிலும் நான் ஒருத்திதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் தகவலில் இருக்கும் பெயரையும் கணக்கில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் குமாஸ்தாவுக்கும் கணினிக்கும் நான் நான்கு பேர். முதலில் நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அனுப்பியது திரும்பி வந்தது. பிறகு பாஸ்புக்கில் உள்ளபடியே, அந்த ஒற்றை எழுத்தைக்கூட அதே இடத்தில் வைத்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. நிலையான தீர்வு என்னவென்றால், என்ஆர்ஓவுக்கு மாற்றும் படிவத்தோடு பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்தித் தரச் சொல்லி விண்ணப்பிப்பதுதான். நான் இதைச் செய்ய விடுமுறையில் நேரில் போன அன்று மலையில் மழை. இணைப்பு இல்லை, நாளை வாருங்கள் என்று மூன்று நாள் அலைந்தேன். படிவத்தைக் கிளையில் வாங்கி வேறு ஊரில் உள்ள மையத்துக்கு அனுப்புவதால் வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இன்னொன்று, இங்கிலாந்துச் செயலி ஐபான் என்ற பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டால் திகைக்காதீர்கள், இந்தியாவில் அது கிடையாது. கணக்கு எண்ணும் கிளையின் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீடும் மட்டும் கேட்கும் சேவைகள் உண்டு. வங்கிகளுக்கிடையிலான பன்னாட்டுத் தகவல் வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக அனுப்பினால் 8 அல்லது 11 எழுத்துக் குறியீடு வேண்டும். நம் மலைக் கிளைகளுக்குப் பெரும்பாலும் சொந்தமாக அது இருப்பதில்லை, அந்த வங்கியின் அன்னியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். இடைத்தரகு வங்கியின் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அனுப்புபவரே அனைத்தையும் ஏற்பது, பகிர்ந்துகொள்வது, பெறுபவர் ஏற்பது என்று மூன்று வகை. தொகை குறையாமல் போய்ச் சேர வேண்டுமென்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

துபாய்க் கணக்கைப் பற்றி மிக அவசரமாகச் சொல்ல வேண்டியது, அந்த ஊர் கைப்பேசி எண்ணை விட்டுவிடாதீர்கள். செயலி பதிவாகியிருக்கும் பழைய கைப்பேசியையும் அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பும் ஒப்புதல் அந்த எண்ணுக்கோ அந்தச் செயலிக்கோதான் வரும். என் தோழி ஒருத்தி ஊருக்குத் திரும்பும் மகிழ்ச்சியில் சிம்மை வெட்டிப் போட்டுவிட்டு, இருபதாயிரம் திர்ஹாமை எடுக்க மறுபடியும் விமானம் ஏறினாள். ஊர் எண்ணுக்கும் இதே விதிதான், அப்பாவைச் சிறு தொகை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கட்டணமே இல்லை என்ற விளம்பரங்களை நான் நம்புவதில்லை, விகிதத்தைத்தான் பார்ப்பேன். ஒரு திர்ஹாமுக்கு 20 பைசா குறைத்துக் கொடுத்தால் 45,000 திர்ஹாமில் 9,000 ரூபாய் போய்விடும். அதற்குக் கட்டணம் என்று எங்கும் பெயர் இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில், இத்தனை திர்ஹாம் கொடுத்தால் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்ற ஒரே எண்ணைக் கேட்டு ஒப்பிடுவதுதான் என் பழக்கம்.

தேயிலைத்தடம் (மீண்டும்)

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. பெயரைப் பார்த்தேன், அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது. பாஸ்புக்கில் அப்பாவின் முன்னெழுத்து, நான் அனுப்பியது பாஸ்போர்ட் பெயரில். இன்னும் இரண்டு ஐயங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை இனி என்ஆர்இயில் வைப்பாகப் போட்டால் அதன் வட்டிக்கு இங்கிலாந்தில் வரி உண்டா? அந்த 30 சென்ட் நிலத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: அரவேணு_கணக்கர்

நிலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் நீங்கள் முன்பணம் கொடுத்து மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் வாங்க முடியாது. தேயிலை அதில் சந்தேகத்துக்கு இடமின்றி வருகிறது. தானமாகவும் உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ள இயலாது. வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். என்ஆர்இ பணத்தில் வாங்குகிறேன், என்ஆர்ஓ பணத்தில் வாங்குகிறேன் என்பதெல்லாம் இதை மாற்றாது. அப்பா தம் பெயரில் வாங்க விரும்பினால் வாங்கட்டும். நீங்கள் அவருக்கு அனுப்பும் பணம் அன்பளிப்பு என்று ஒரு எளிய கடிதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பிறகு நிலமும் பணமும் அவருடையவை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்வது நல்லது, பத்திர அலுவலகத்தில் பேசும் விஷயம் அல்ல இது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கணக்கில் சேர்ந்த பணத்தை உங்கள் வீட்டு முன்பணத்துக்கு அவர் திருப்பி அனுப்ப விரும்பினால், உள்நாட்டவருக்கான ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் அனுப்பலாம். ஆனால் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே வசூலித்துவிடும். கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெற முடியும் என்றாலும், தேவைப்படும் நேரத்தில் அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும். வெலிங்டன் ஐயா திரும்பப் போக வேண்டிய பணத்தைக் கலக்காதீர்கள் என்று சொன்னதன் பொருள் இதுதான்.

வட்டி விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியாவின் சலுகை. இங்கிலாந்து அதற்குக் கட்டுப்பட்டதல்ல, அங்கே வசிப்பவருக்கு அது வெளிநாட்டு வட்டி வருமானமே. இருந்தாலும் அடிப்படை விகிதத்தில் வரி செலுத்துபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டி வரை அங்கே சேமிப்புச் சலுகை உண்டு, உள்நாட்டு வட்டியும் வெளிநாட்டு வட்டியும் சேர்ந்து அதற்குள் இருந்தால் கவலை இல்லை. 2025 ஏப்ரல் 6 முதல், குடியேறும் முன் தொடர்ந்து 10 வரியாண்டுகள் அங்கே வசிக்காமல் புதிதாகக் குடியேறியவர்கள் முதல் நான்கு ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கோரலாம் என்ற முறை வந்திருக்கிறது. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதைக் கோரும் ஆண்டில் 12,570 பவுண்டு தனிநபர் விலக்கை இழக்க வேண்டும். சில நூறு பவுண்டு வட்டிக்காகச் சம்பளத்தின் மீதான அந்த விலக்கை விடுவது ஒரு செவிலியருக்குக் கட்டுப்படியாகாது. துபாய்ச் சேமிப்பை நேராக அங்கே மாற்றுவது வருமானம் அல்ல, ஏற்கெனவே சேர்த்த சொந்தப் பணம்.

என்ஆர்ஓ வட்டிக்கு இந்தியாவில் 31.2 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள், வட்டி நூறு ரூபாயாக இருந்தாலும் விடமாட்டார்கள். 10,000 ரூபாய் வட்டியில் 3,120 ரூபாய் போய்விடும். இங்கிலாந்து வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழையும் அதனுடன் தரும் வருமான வரிப் படிவத்தையும் வங்கியில் கொடுத்துவிட்டால், இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 விழுக்காடு, அதாவது 1,500 ரூபாயுடன் நின்றுவிடும். கொடுக்காமல் விட்டு, அதிகம் பிடித்ததை இங்கிலாந்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே ஒப்பந்த விகிதம் வரைதான் கழிவு தருவார்கள், மீதியை இந்தியாவில்தான் கேட்டு வாங்க வேண்டும். தேயிலைப் பணம் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிட்டால் அதில் வட்டி என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம். மறக்காமல் வருமான வரித் தளத்தில் உங்களை வெளிநாட்டில் வசிப்பவர் என்று மாற்றிவிடுங்கள். அதைச் செய்யாததால் ஆதாருடன் இணைக்கவில்லை என்று பான் செயலிழந்து, அதிக வரி பிடிக்கப்பட்டவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சுவருக்கான பணத்துக்கு ஒரு சிறு கணக்கு: நான்கரை லட்சத்தை ரூபாயாக மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டி 495 ரூபாய் வரும். முதல் லட்சத்துக்கு 1,000, மேலே உள்ள மூன்றரை லட்சத்தின் அரை விழுக்காடாக 1,750, ஆகச் சேவையின் மதிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் 2,750இல் 18 விழுக்காடு. ரசீதில் இந்தத் தொகையைப் பார்த்து, வங்கி ஏமாற்றுகிறது என்று அப்பா கிளையில் சண்டை போட வேண்டாம்.

தேயிலைத்தடம் (பத்து நாள் கழித்து)

எழுதிய அனைவருக்கும் நன்றி. சிம் இன்னும் என்னிடம் இருந்ததால் துபாய்க் கணக்கின் செயலி திறந்தது. முதலில் 100 திர்ஹாமை அப்பாவின் பாஸ்புக்கில் இருக்கும் பெயரிலேயே, முன்னெழுத்தும் புள்ளியும் மாறாமல் அனுப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்ததும் சுவருக்கு உரியதை அனுப்பிவிட்டேன். மீதியை நேரே இங்கிலாந்துக் கணக்குக்கு மாற்றக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை. தொழிற்சாலையில் கணக்கு எண்ணை மாற்றும் கடிதத்தை அப்பா கொடுத்துவிட்டார். காசோலைகளைக் கிழிக்கச் சொன்னதற்கு, “எல்லாம் நல்ல காகிதம்” என்று ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டாராம். 30 சென்ட் நிலத்தை அவர் பெயரில் வாங்குவதா என்று அடுத்த மாதம் விடுமுறைக்குப் போகும்போது அண்ணனையும் வைத்துக்கொண்டு பேசுவோம். என்ஆர்ஓ மாற்றத்துக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் அதே பயணத்தில் கிளைக்குப் போகிறேன். மழை நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன், அக்கா.